பேட்டரி இரண்டு

சென்ற நவம்பர் பதினான்காம் தேதி, மாலை நாலு மணி பத்து நிமிடம். தூறல் நின்றிருந்தது, செண்பகத்தோப்புப் பக்கம் மலையை மறைத்து மேகம். அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில், கட்டில்மேல் பையை விரித்தேன்.

தேவதானம் பக்கம் ஓடை உடைத்துக்கொண்டதாம். எங்கள் தன்னார்வ மீட்புக் குழு ஆறு மணிக்கு ராஜபாளையத்திலிருந்து புறப்படுகிறது என்று தலைவர் கைப்பேசியில் செய்தி அனுப்பியிருந்தார். ஆளுக்கு ஒரு பை. என்னென்ன வேண்டும் என்பதும் அதில் இருந்தது. பதினோரு ஞாயிறு பயிற்சிக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட என்னை வண்டியில் ஏற்றியதில்லை. இந்தத் தடவை ஏறிவிட வேண்டும்.

கால்சட்டை இரண்டு, பனியன் மூன்று, மழைக்கோட்டு, விசில், பத்து மீட்டர் கயிறு, பிஸ்கட் ஆறு பாக்கெட், என் ரத்த அழுத்த மாத்திரை ஆறு. ‘பேட்டரி 2’ என்றிருந்ததற்குக் கடைக்குப் போய்ப் புதிதாகவே இரண்டு வாங்கி வந்தேன்.

“எம்புட்டுத்தான் திணிப்பீக? குடி போறீகளா?” என்றாள் மனைவி. பேசினால் எண்ணிக்கை தவறிவிடும் என்று மாத்திரையை மறுபடி எண்ணினேன்.

ராஜபாளையத்தில் தலைவர் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தார். என் மகன் வயது, வெளியூரில் படித்தவர்.

“டார்ச் ரெண்டு இருக்கு. பேட்டரி எங்க சார்?”

“ரெண்டும் உங்க கையிலதான இருக்கு.”

“இது டார்ச். நான் சொன்னது உள்ள மாத்திப் போடுற பேட்டரி.”

“அதுக்குப் பேரு கட்டை. கட்டைன்னுல்ல எழுதியிருக்கணும்?”

டார்ச்சைப் பேட்டரி என்றும் உள்ளே போடுவதைக் கட்டை என்றும்தான் ஐம்பது வருடமாகக் கடையில் கேட்டு வாங்குகிறேன். வண்டி ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

“ஏலே, கட்டையில போற வயசுல பெருசு கட்டைக்குச் சண்டை போடுதுடா!”

உள்ளே இருந்த மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். தலைவர் ஒருவரையும் அதட்டவில்லை.

“செத்த நேரம் நில்லுங்க, வாங்கியாறேன்” என்று எதிர்க்கடைக்கு ஓடினேன். நாலு கட்டையோடு திரும்பியபோது என் பை வண்டிக்குள் இருந்தது. கதவைச் சாத்தியிருந்தார்கள்.

“நீங்க வீட்லயே இருங்க சார், போன் வந்தா எடுங்க, போதும்” என்றார் தலைவர். “பை மட்டும் வரட்டும். கயிறு எங்ககிட்ட பத்தாது.”

ஜன்னல் வழியாகக் கை நீண்டது. கட்டை நாலையும் கொடுத்தேன். வண்டி போன பிறகுதான் மாத்திரையும் பையோடு போய்விட்டது தெரிந்தது. பஸ் ஏறுமுன் வேறு வாங்கினேன்.

போன் ஒன்றும் வரவில்லை. மறுநாள் குழுவின் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. ஓட்டுநர் இருட்டில் என் பேட்டரியை அடித்துக்கொண்டு நிற்கிறார். ‘களத்தில் நம் எட்டுப் பேர்’ என்று கீழே எழுதியிருந்தது.

பை ஐந்தாம் நாள் திரும்பி வந்தது, காலியாக. பேட்டரி, கட்டை, கயிறு, பிஸ்கட், இரண்டாவதாக வாங்கிய மாத்திரை, போக வர பஸ் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது எழுநூற்று இருபத்திரண்டு ரூபாய்.