சீட்டு ஆசையில் தட்டிய என்டர்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் அஞ்சாப்பு வரை படிச்சவள். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் சீட்டாட மட்டும் மகன் பழக்கிவிட்டிருந்தான். நடுவில் ஏதாவது கேள்வி வந்தால் என்டரைத் தட்டுவேன், ஆட்டம் ஓடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகையோடு இனாமாக வந்த சி.டி.யைப் போட்டு மகன் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டத்தை ஏற்ற ஆரம்பித்தான்.

"இதுலயும் சீட்டு இருக்காடா?" என்றேன்.

"வகைவகையா இருக்கும்மா. செத்த பொறு."

அதற்குள் கேஸ் சிலிண்டர் வந்துவிட, வாசலுக்குப் போனான்.

திரையில் இங்கிலீஷில் ஒரு கேள்வி நின்றது. வழக்கம்போல் என்டரைத் தட்டினேன். இன்னொரு கேள்வி வந்தது. அதற்கும் தட்டப் போனேன், கரண்டு போய்விட்டது.

மகனிடம் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. உள்ளே இருப்பதை மொத்தமும் அழித்துவிட்டு ஏற்றவா என்பது முதல் கேள்வியாம். நிச்சயமாகவா என்பது அடுத்ததாம். மருமகள் ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சகம் ஒன்றுக்காக டைப் அடித்த கல்யாணப் பத்திரிகைகள் அதில்தான் இருந்தன. மறுநாள் கொடுக்க வேண்டியவை.

கரண்டு வந்து பார்த்தால் எல்லாம் அப்படியே இருந்தது.

"தெனமும் கரண்டுகாரவியளத் திட்டுவீகளே அத்தே, இன்னைக்காவது வாழ்த்துங்க" என்றாள் மருமகள்.

பொறவு அவள் எல்லாவற்றையும் ஃபிளாப்பியில் எடுத்து வைத்த பிறகே லினக்ஸ் ஏறியது. சீட்டும் இருந்தது, ராணி மூஞ்சிதான் வேற. இப்போதெல்லாம் கேள்வி வந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு மருமகளைக் கூப்பிடுகிறேன். அவள் வாசித்துச் சொன்ன பிறகுதான் தட்டுகிறேன்.