சிவப்பி தின்ற வேலி

போன கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். பக்கத்துக் கடை வாசலில் மாட்டுத் தீவனப் பைகள் அடுக்கியிருந்தன. ஒரு பை வாய் திறந்து கிடந்தது. எள்ளுப் பிண்ணாக்கு வாசம் குப்பென்று வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், பென்ஷன் எடுக்கப்போகிற வயதில் ஒரு ரீச்சர் அந்தப் பைக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். கடைக்காரர், "எத்தினை கிலோ அம்மா?" என்று கேட்டார். மாடு இருந்தால்தானே வாங்குவதற்கு! வெட்கத்தில் வந்த பஸ்ஸில் தாவி ஏறிவிட்டேன். அது எங்கள் ஊர்ப் பக்கம் போகிற பஸ்ஸும் இல்லை.

பிண்ணாக்கைக் கண்ணால் காணாத காலம் ஒன்று எங்களுக்கு இருந்தது. சண்டையால் பாதை பூட்டியிருந்தது. மண்ணெண்ணெய்க்கும் சவுக்காரத்துக்கும் மனுசரே அலைந்துகொண்டிருந்தபோது மாட்டுக்கு யார் பிண்ணாக்கு அனுப்பப் போகிறார்கள்? நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அக்கா பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். பெண் குழந்தை பிறந்தது. கொஞ்ச நாளில் அக்காவுக்குக் கடும் காய்ச்சல் வந்து தாய்ப்பால் வற்றிப்போயிற்று. ஊரெல்லாம் தேடியும் பால்மா ரின் ஒன்று கிடைக்கவில்லை. எங்கள் மாடு சிவப்பியின் பாலில்தான் அந்தக் குழந்தை உயிர் வைத்திருந்தது. சிவப்பியோ, வைக்கோல் முடிந்து, கோடையில் புல்லும் கருகி, நாளுக்கு நாள் பாலைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

ஐயா, அதுதான் எங்கள் அப்பா, பனையோலையை வெட்டி நார் நாராகக் கிழித்துப் போட்டார். அம்மா வாழைத்தண்டைக் கொத்திக் கஞ்சியில் ஊறவைத்து, கொஞ்சம் உப்பும் தூவி வைத்தார். விழுந்த பனம்பழத்தையும் சிவப்பி விடவில்லை. சூப்பிச் சூப்பி வாயெல்லாம் மஞ்சளாக நிற்பாள். நானும் என் பங்குக்குக் கிளிசறியா மரத்தில் இலைக்குழை ஒடித்துச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். அவள் மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வெயிலிலை வாடவிட்டுப் போடு பிள்ளை. பச்சை மணம் போனால்தான் உவள் வாய் வைப்பாள்" என்றார் அம்மா. வாடவிட்டுப் போட்டேன், தின்றாள்.

எனக்கு அது இன்றைக்கும் அதிசயம்தான். ஓலையும் தண்டும் வாடின குழையும் உள்ளே போகின்றன. விடியச் செம்பைப் பிடித்தால் வெள்ளையாக, கைக்கு இதமான சூட்டோடு பால் வருகிறது. நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். மாட்டின் இரைப்பையைக் கரும்பலகையில் கீறி, இது முதலாம் அறை, இது இரண்டாம் அறை என்று பிரம்பால் தட்டிக் காட்டியவள். ஆனாலும் சிவப்பியின் மடிக்குக் கீழே குந்தியிருக்கும்போது அந்தப் படம் ஒன்றும் ஞாபகம் வராது. கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும்.

அந்தப் பாலும் அடிச்செம்புக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் கண்ணுக்கு முன்னாலேயே நல்ல குழை நின்றது. எங்கள் வளவுக்கும் பக்கத்து வீட்டுக் கமலா மாமி வளவுக்கும் நடுவில் பூவரசும் முள்முருக்கும் அடர்ந்த வேலி. எங்கள் ஊர் வேலி அப்படித்தான். எல்லையில் ஊன்றுகிற தடியே தழைத்து மரமாகிவிடும். அந்தத் தடிக்குக் கதியால் என்று பெயர். மாமி கதியாலை ஒரு சாண் எங்கள் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டார் என்று ஐயா கோட்டில் வழக்குப் போட்டிருந்தார். வருடக்கணக்காகப் பேச்சில்லை. ஒரு நாள் சாய்ந்து கிடந்த கொப்பைச் சிவப்பி நாக்கால் வளைக்க, ஐயா பாய்ந்துபோய்க் கயிற்றை இழுத்தார்.

"வழக்கிலை கிடக்கிற வேலி. ஒரு இலை தொட்டாலும் நாளைக்குக் கோட்டிலை களவெண்டு நிப்பா."

உள்ளே குழந்தை வீரிட்டு அழுதது. அம்மாவுக்கு வந்ததே கோபம்! "அப்ப வழக்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ. பேத்தி அங்கை பசியிலை துடிக்குது."

அடுத்த நாள் காலை, வெட்டுகிற சத்தம் கேட்டு வெளியே வந்தோம். கமலா மாமி கதிரையில் ஏறி நின்று, சத்தகக் கத்தி கட்டிய தடியால் வேலியின் கொப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் எங்கள் பக்கம் விழுந்தன. ஐயா என்ன நினைத்தார் தெரியுமா? மாமி சாட்சியை அழிக்கிறார் என்று! வேலி நின்ற இடமே தெரியாமல் ஆக்கப் போகிறாராம். அளவு நூலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார் மனுசன்.

மாமி ஐயாவோடு கதைப்பதில்லை அல்லவா? என்னைப் பார்த்துச் சொன்னார். "பிள்ளை, ஐயாவிட்டைச் சொல்லு. வழக்கு வழக்காக் கிடக்கட்டும். குழந்தை அழ, இஞ்சாலை எனக்குச் சோறு இறங்குதில்லை. மாட்டை அவிழ்த்துவிடச் சொல்லு."

ஐயா நூலும் கையுமாக நின்றார். பிறகு அவரும் என்னைப் பார்த்தார். "அவவிட்டைச் சொல்லு, கிணத்தடி வெளிச்சுப்போகும் எண்டு."

ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்கிற தூரம். நடுவில் நான் தந்திக் கம்பம். ஆனால் ஐயா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மாமியின் கிணறு வேலியோரம். புருஷன் இல்லாத அவரும் இரண்டு குமர்ப்பிள்ளைகளும் அங்கேதான் குளிப்பார்கள். அந்த வேலிதான் அவர்களுக்கு மறைப்பு. அதைத்தான் அவர் எங்கள் மாட்டுக்கு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது எனக்குத் தெரியும் எண்டு சொல்லு" என்றார் மாமி. "நாங்கள் விடியமுன்னம் குளிச்சுப்போடுவம்."

ஐயா நூலை இடுப்பில் செருகிக்கொண்டு போய் மாட்டை அவிழ்த்தார்.

மாரி மழை இறங்குமட்டும் மாமி கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் போட்டார். வேலி வெறும் தடிகளாக நின்றது. சிவப்பியின் மடி நிறைந்தது, குழந்தையின் கன்னம் உப்பியது. ஐயா விடியற்காலையில் பின்வளவுப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை. பகலில் போவதென்றாலும் முன்வாசலிலிருந்தே செருமிக்கொண்டுதான் போவார். ஆனால் வழக்கை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை! "வழக்கு வேறை, பால் வேறை" என்பார் ஐயா. தவணைக்குத் தவணை இருவரும் ஒரே பஸ்ஸில் கோட்டுக்குப் போய் வந்தார்கள், முன் சீற்றில் ஒருவர், பின் சீற்றில் ஒருவர். இப்படியும் மனிதர்களா என்று அன்றைக்கு வாயைப் பிளந்தவள்தான் நான்.

பிறகு ஊரே இடம்பெயர்ந்தது. சிவப்பியின் கயிற்றை அறுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனோம். மீண்டு வந்தபோது மாடும் இல்லை, கதியாலும் இல்லை. ஐயா அடுத்த வருடமே போய்ச் சேர்ந்தார். வன்னிப் பக்கம் போன மாமியும் பிள்ளைகளும் திரும்பவே இல்லை. எங்கே என்று விசாரித்துக் களைத்துவிட்டோம். காணி கைமாறி, இப்போது ஆளுயர மதில் நிற்கிறது. உள்ளே பூட்டின வீடு.

அந்தக் குழந்தை, என் பெறாமகள், இந்த முறை தன் குழந்தையோடு வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாள். கதையைக் கேட்டுவிட்டு மதிலடியில் போய் நின்றாள்.

"சின்னம்மா, நான் அந்த மாமியோடை ஒருநாளெண்டாலும் கதைச்சனானே?"

"எங்கை! அவவைக் கண்டாலே வீரிட்டு அழுவாய்."

சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். "அவவிட்டை ஒரு சொல்லுச் சொல்லவேணும் போலை கிடக்கு."

சொல்லி அனுப்ப நான் இருக்கிறேன். கேட்பதற்குத்தான் அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை.