ஒரு போப்பும் ஒரு லேப் அண்ணாச்சியும் ஓய்வு பெற்ற நாள்

பிப்ரவரி இருபத்தெட்டு என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று நாடு முழுக்கத் தேசிய அறிவியல் தினம். நான் தென்காசியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வருஷம் பூராவும் ராகு காலம் பார்த்துச் செய்முறைத் தேர்வைத் தள்ளிவைக்கும் எங்கள் தலைமையாசிரியர், அன்று ஒரு நாள் மட்டும் பகுத்தறிவு பேசுவார். மறுநாள் காலையில் பழையபடி காலண்டரில் நல்ல நேரம் பார்த்துவிட்டுத்தான் வருகைப் பதிவேட்டைத் திறப்பார்.

நான் சொல்லவந்தது ஒரே ஒரு வருஷத்துப் பிப்ரவரி இருபத்தெட்டைப் பற்றி. அந்த வருஷம் மாதத்தின் கடைசி நாளும் அதுதான். அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் மாதக் கடைசி நாளில்தான் ஓய்வு பெறுவார்கள். அன்று எங்கள் பள்ளி ஆய்வக உதவியாளருக்குக் கடைசி நாள்.

அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தொரு வருஷம் லேபில் இருந்தவர். எந்தப் பியூரெட் ஒழுகும், எந்தக் கண்ணாடிப் பட்டகத்தில் மூலை உடைந்திருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எரிந்துகொண்டிருந்த சோடியம் விளக்கை அணைத்து, உடனே மறுபடி போட்டு, எரியவில்லை என்று பதறி நின்றேன். "அது ஆறட்டும் டீச்சர், சூட்டுல எரியாது" என்று சொல்லிவிட்டு, மாணவிகள் கவனிக்கும் முன்னால் வேறு பக்கம் போய்விட்டார். அந்த நாகரிகம் எங்கள் ஸ்டாஃப் ரூமில் முதுகலைப் பட்டம் வாங்கிய ஒருவரிடமும் கிடையாது, என்னையும் சேர்த்து.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவரை மாலை போட்டு, தலைமையாசிரியர் முன்னால் வர, மொத்த ஆசிரியர்களும் வீடுவரை கொண்டுபோய் விட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் டிபன் இருக்கும். தெரு மொத்தமும் வாசலில் நின்று பார்க்கும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வண்டி வந்தது என்பதை வைத்துத்தான் இந்த மனிதன் வேலை பார்த்த இடத்தில் என்ன மதிப்பில் இருந்தான் என்று தெரு முடிவு செய்யும். அண்ணாச்சிக்கு வீடு பக்கத்திலுள்ள இலத்தூரில். ஒரு வாரமாக என்னிடம் ஒரே கேள்விதான்.

"நாலு மணிக்கெல்லாம் வந்துருவியளா டீச்சர்? சம்பந்தகாரவுகளும் வாறாவ. நாப்பது சேர் சொல்லியிருக்கேன்."

"கண்டிப்பா வருவோம் அண்ணாச்சி."

தலைமையாசிரியருக்கு ஒரு யோசனை வந்தது. அறிவியல் தினத்தையும் பிரிவுபசாரத்தையும் ஒரே பந்தலில் முடித்துவிடலாம் என்றார். சிறப்பு விருந்தினராக ஓர் ஓய்வு பெற்ற அதிகாரியைப் பிடித்திருந்தார். அவர் சென்னைக்காரர், கடையத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர். தினமும் விடியற்காலையில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு முழ நீளச் செய்தியை ஊரிலுள்ள எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்புகிறவர். அவருக்கு அறிவியல் அறிஞர் என்று பேனர் அடித்தார்கள். பேனரின் கீழ் மூலையில், பந்தல்காரர் போன் நம்பருக்குப் பக்கத்தில், அண்ணாச்சியின் பணி நிறைவு இரண்டு வரியில் இருந்தது.

காலையில் லேப் மேசை மேடைக்குப் போயிருந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்த மேசையில் அண்ணாச்சி ஒரு கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, நாலு சொட்டுப் பால் விட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்து, வானம் எப்படி நீலமாகிறது என்று காட்டுவார். அன்று தொட்டி வராந்தாவில் கிடந்தது. மேசையில் கேக் இருந்தது. ஒளிச்சிதறலில் ஒரு புது விளைவைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய நம் விஞ்ஞானிக்குப் பிறந்த நாள் வாழ்த்து என்று கேக்கின் மேல் கிரீமில் எழுதியிருந்தார்கள்.

அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "பொறந்த நாளு இல்லல்லா டீச்சர். இது கண்டுபிடிச்ச நாளுல்லா. அவரு பொறந்தது நவம்பர்ல. வருஷா வருஷம் போர்டுல நாந்தான எழுதுதேன்."

போய்ச் சொன்னேன். "கேக் வந்தாச்சு டீச்சர். பெரிய மனுஷங்களுக்கு எல்லா நாளும் பொறந்த நாளுதான்" என்றார் தலைமையாசிரியர். மெழுகுவர்த்தியைச் சிறப்பு விருந்தினர் ஊதி அணைத்தார். அறுநூறு பிள்ளைகள் கைதட்டினார்கள். அறிவியல் வளர்ந்தது.

பிறகு அவர் பேசினார். பேசினார் என்பதைவிட, போனைப் பார்த்துப் படித்தார். மரபணுவின் முறுக்கேணி வடிவத்தை இரண்டு பேர் கண்டறிந்தது இதே நாள். ஐரோப்பாவில் ஒரு பிரதமர் சினிமா பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து போகும்போது சுடப்பட்டது இதே நாள். ஒரு போப் தம் பதவியை விட்டு இறங்கியது இதே நாள். "எவ்வளவு பெரிய மனசு பாருங்க, பதவியத் தானா விட்டுட்டுப் போறதுக்கு" என்று அங்கே மட்டும் நிறுத்தி ஒரு சொட்டு உணர்ச்சி காட்டினார். அவருக்கு நாலு நாற்காலி தள்ளி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், அதே நாளில் பணியிலிருந்து இறங்கப்போகிற ஒருவர் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். உலகத்தில் இந்தத் தேதியில் யார் யாருக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவருக்கு, அந்த மேடையில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசியில் அண்ணாச்சிக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, "எத்தனை வருஷம் சர்வீஸ்?" என்று கேட்டார். "முப்பத்தொண்ணு சார்." "குட், குட்." பிரிவுபசாரம் முடிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விருந்தினருக்குக் குற்றாலத்தில் குளிக்க ஆசை வந்துவிட்டது. பிப்ரவரியில் குற்றாலத்தில் குளிக்க ஆசைப்படுகிறவரை அறிவியல் அறிஞர் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். "மூணரைக்குத் திரும்பிருவோம், நேரா இலத்தூர்" என்று சொல்லி, ஒரு வேனிலும் இரண்டு காரிலுமாக எங்களை ஏற்றினார் தலைமையாசிரியர். அண்ணாச்சி பள்ளி வாசலில் நின்று கையசைத்தார்.

மெயினருவியில் பாறை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். ஓர் ஓரமாகக் குழாயில் வருகிற மாதிரி விழுந்த தண்ணீரில் நிற்பதற்கு முன்னால் விருந்தினர் அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறவரைக் கூப்பிட்டார். தலைமையாசிரியரும் துண்டு கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். குளியல் முடிந்ததும் செங்கோட்டைப் பக்கம் பரோட்டா என்றார்கள்.

நாலே கால் மணிக்கு என் போன் அடித்தது. "டீச்சர், கெளம்பியாச்சா?"

"இதோ வந்துட்டே இருக்கோம் அண்ணாச்சி."

அப்போது எனக்கு முன்னால் இலையில் பரோட்டா இருந்தது. ஐந்து மணிக்கு மறுபடி அடித்தது. நான் எடுக்கவில்லை. பள்ளியில் வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான். ஸ்டாஃப் மீட்டிங்கில் ஒவ்வொருவரையும் கிழித்துத் தொங்கவிடுவேன். அன்று அந்த மேசையில் எழுந்து "சார், போவோம்" என்று இரண்டு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

பள்ளிக்கு வரும்போது ஆறு தாண்டிவிட்டது. லேப் பூட்டியிருந்தது. சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அண்ணாச்சி ஆட்டோ பிடித்துப் போய்விட்டாராம். "அடடா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார் தலைமையாசிரியர், ஈரத் தலையைத் துவட்டியபடி. எல்லோரும் அப்படியே கலைந்தார்கள். நான் பஸ் பிடித்து இலத்தூர் போனேன்.

வாசலில் கோலம். பந்தல் போட்டிருந்தார்கள். நாற்பது சேரில் ஆறேழு பேர் சிதறி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரிய போணிப் பாத்திரம் நிறையக் கேசரி மூடாமல் இருந்தது. தட்டில் உளுந்தவடை ஆறிப்போய்க் கிடந்தது. அண்ணாச்சி பொன்னாடையோடு உட்கார்ந்து சம்பந்தகாரரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நொடி மாறியது. அவர் எழுவதற்குள் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க டீச்சர். பெரிய சாருக்கு இப்ப எப்படி இருக்கு?"

தலைமையாசிரியரைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது, ஏன் என்று புரியவில்லை.

"திடீர்னு நெஞ்சுவலி வந்து, எல்லாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனியளாமே. இவுக வந்து சொன்னதுலருந்து எனக்குக் கை ஓடல, கால் ஓடல. இந்நேரம் போய் நாம கேசரி திங்கதான்னு சம்பந்தகாரவுகளே எடுக்க மாட்டேன்னுட்டாவ. நல்லா இருக்காவல்லா?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு சேரை இழுத்துப் போட்டபடி, "டீச்சர் அங்கனருந்துதான் வாறாவ. சொல்லுங்க டீச்சர்" என்றார்.

"இப்ப தேவல அக்கா" என்றேன். "நல்லாப் பேசுதாவ. ரெண்டு நாள் படுக்கையில இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அப்புறம்தான் தட்டுகள் நகர்ந்தன. நான் இரண்டு முறை கேசரி வாங்கிச் சாப்பிட்டேன். தெருவே கேட்டது, சாருக்கு என்ன வயசு, சர்க்கரை உண்டா என்று. நானும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அந்த அம்மா ஒரு பொட்டலத்தில் திருநீறு கட்டிக் கொடுத்தார். கேட்ட உடனே கோயிலுக்கு ஓடி, சார் பேரில் அர்ச்சனை செய்திருக்கிறார்.

மறுநாள் காலையில் அதைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன். திருநீற்றைக் கண்டால் விடமாட்டார், எடுத்துப் பட்டையாகப் பூசினார்.

"எந்தக் கோயில் டீச்சர்?"

"இலத்தூர் சார். உங்க பேர்ல அர்ச்சனை. நேத்து உங்களுக்கு நெஞ்சுவலி, நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரியில இருந்தோம். அதனாலதான் வர முடியலன்னு அண்ணாச்சி வீட்ல சொல்லியிருக்காரு."

அவர் நெற்றிப் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முதல் மணி அடித்தது. "இன்னைக்குச் சாயங்காலம் எல்லாருமாப் போயிட்டு வந்துருவமா டீச்சர்?" என்றார்.

"முடியாது சார்" என்றேன். "ரெண்டு நாளைக்கு நீங்க படுக்கைய விட்டு எந்திரிக்கக் கூடாது."