வாசலோரப் பித்தளைத் தகடு

ஈரப் புடவையைக் கதவுப் பிடியில போட்டேன், அவ்ளோதான். முழங்கை வரைக்கும் சுரீர்னு இழுத்துச்சு. "ஐயோ, இந்தப் பொட்டி கரண்டு அடிக்குதுய்யா!"ன்னு கத்தினேன். மண் வெட்டிக்கினு இருந்த எங்க வீட்டுக்காரர் மம்பட்டியைப் போட்டுட்டு ஓடி வந்தார். என்னைப் பார்க்கல. பொட்டியைத்தான் பார்த்தார்.

பொட்டின்னா சக்கரம் வச்ச வீடு. யாரோ வசதியானவங்க கார் பின்னாடி கட்டி ஊர் சுத்தறதுக்காகச் செஞ்சது. அப்புறம் ஒருத்தன் அதை வடாபாவ் கடையா மாத்தினான். அதுவும் ஓடாம, பழைய இரும்புக்காரன்கிட்ட கிடந்ததை இவர் டிராக்டர் வச்சு இழுத்துக்கினு வந்தார். வேற இன்னா பண்றது? பூனாவுல, கட்கியில குண்டு செய்யற ஃபேக்டரியில இவர் வயர்மேன். ரிடயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. விமான் நகர் தாண்டி வாங்கின மனையில வீடு அஸ்திவாரத்தோட நின்னு போச்சு. கட்டித் தரேன்னவன் ஆளையே காணோம். தொண்ணூறுகளோட கடைசி அது. தலைக்கு மேல ஏரோப்ளேன் போவும், கூரைதான் இல்ல.

எங்க ரெண்டு பேருக்குன்னா மரத்தடியே போதும். எங்க பொண்ணு அப்ப மாசமா இருந்தா. முதல் தடவை ஆறாம் மாசம் கலைஞ்சு போச்சு, இது ரெண்டாவது. சோலாப்பூர்ல மாமியார் வீட்டுல வளைகாப்பு முடிச்சு அம்மா வீட்டுக்கு அனுப்பணும். சம்பந்தியம்மா போன்ல, "வீடு எங்க இருக்கு? சக்கரத்து மேலயா?"ன்னு கேட்டாங்க. "எது மேல இருந்தா இன்னாங்க, பெத்தவ வீடு பெத்தவ வீடுதான். அனுப்பி வைங்க"ன்னு வீறாப்பா சொல்லிட்டேன். போனை வச்சுட்டு அந்த எஸ்டிடி பூத்துலயே உக்காந்து அழுதேன். இந்தக் கரண்டு அடிக்கிற பொட்டியில என் புள்ளையை எங்க படுக்க வைப்பேன்?

இவர் சுவர்ப் பலகையைப் பேத்தார். உள்ள பார்த்துட்டுத் தலையில கைய வச்சுக்கினார். எல்லா வயரும் ஒரே கலர். ஜாயின்ட்டுல பால் கவரைச் சுத்தி நூல் கட்டியிருந்தான் அந்தக் கடைக்காரப் புண்ணியவான். அதை விடக் கொடுமை, லாரியில பண்ற மாதிரி பண்ணியிருந்தான். லாரியில பேட்டரியிலிருந்து போறதுக்குத்தான் வயர், திரும்பி வர்றதுக்கு வண்டியோட இரும்பு உடம்பே போதும். வீட்டுக் கரண்டுக்கும் அதே கணக்கைப் போட்டுட்டான். "பொட்டியே வயர் ஆயிடுச்சு"ன்னார் இவர். ஒரு முழம் விடாம அத்தனையும் உருவிப் போட்டார்.

அன்னியிலேர்ந்து சிம்னி விளக்குதான். பகல் பூரா குழாய்க்குள்ள வயர் விட்டுக்கினே இருப்பார். "புள்ள வர்றதுக்குள்ள முடியுமாய்யா?"ன்னா அடுத்த வயரை எடுப்பார். மனசு கொதிக்கும். சாமியைத் திட்டுவேன், கட்டித் தரேன்னவனைத் திட்டுவேன், கடைசியில இவரையே திட்டுவேன். மழை வேற வானத்துல கூடிக்கினே வந்துச்சு.

வயரை விட எர்த்துதான் உயிரை எடுத்துச்சு. பொட்டி நிக்கறது ரப்பர் டயர் மேல, மண்ணுல ஒட்டல. கரண்டு எங்கயாவது கசிஞ்சா அதை மண்ணுக்குள்ள இறக்கிவிட ஒரு கம்பி வேணும். குழி தோண்டினா முட்டி ஆழத்துல கருங்கல். வேற இடத்துல தோண்டினாலும் கருங்கல். பூனா மண்ணு அப்படி. குழியில கொட்டறதுக்கு உப்பும் கரியும் மூட்டையா வாங்கி வச்சுக்கினு அந்தக் கல்லு மேலயே உக்காந்துட்டார். கடைசியில மனையோட கோடியில, நாலான்னு சொல்ற சாக்கடை ஓடை ஓரத்துச் சேத்துல கம்பி இறக்கி, அங்கிருந்து பொட்டி வரைக்கும் மொத்தமான செம்புக் கம்பியை மண்ணுல புதைச்சார்.

எல்லாம் முடிஞ்சதும் வாசக்கதவு பக்கத்துல, பொட்டி இரும்புலயே ஒரு பித்தளைத் தகடு அடிச்சார். எனக்குச் சிரிப்பா வந்துச்சு. ஃபேக்டரியில வெடிமருந்துக் கட்டடத்துக்குள்ள போறவங்க அந்த மாதிரி ஒரு தகட்டுல கைய வச்சுட்டுத்தான் போவணும். உடம்புல இருக்கிற கொஞ்சநஞ்ச கரண்டும் அதுல இறங்கிடும், பொறி பறக்காது. அந்தப் பழக்கம் இவருக்கு ரத்தத்துல ஊறிப் போச்சு. குவார்ட்டர்ஸ் வாசல்லயும் ஒண்ணு அடிச்சிருந்தார். பொண்ணு ஸ்கூல் விட்டு வந்தா அதைத் தொட்டுட்டுத்தான் உள்ள வருவா. "பொட்டிக்குள்ள இன்னா, வெடிமருந்தா வச்சிருக்கிற?"ன்னு கேட்டேன். "இருக்கட்டும்மே"ன்னார்.

பொண்ணு வந்தா. வாயும் வயிறுமா அவளைப் பார்த்ததும் எனக்குப் பயம் இன்னும் கூடிப் போச்சு. இவரோட கூத்து அதுக்கு மேல. எங்க போய் வந்தாலும் எங்களை வெளியவே நிக்க வச்சுட்டு, ஷூவைக் கழட்டி, வெறுங்காலோட மண்ணுல நின்னு தகட்டைத் தொடுவார். அதுவும் புறங்கையால. அப்புறம்தான் "ஏறுங்க"ம்பார். "புள்ளத்தாச்சியை நிக்க வச்சுட்டுத் தகட்டுக்குப் பூஜையா?"ன்னு தினம் சண்டை.

ஒரு நாள் ராத்திரி பூரா மழை, கரண்டும் இல்ல. காலையில அப்பனும் பொண்ணும் செக்கப்புக்குப் போனாங்க. அவங்க போனப்புறம் கரண்டு வந்துச்சு. ஃபேன் சுத்துனதும் எனக்கு எவ்ளோ சந்தோஷம்! டீ போட்டு வச்சேன். ஆட்டோ சத்தம் கேட்டுக் கதவுக்கு வந்தேன். தூறல்ல நனைஞ்சுக்கினே இவர் ஷூ கழட்டறார். செருப்பு சேத்துல மாட்டிக்கும்னு பொண்ணும் கழட்டிட்டா. அவர் பின்னாடி நின்னு, சின்ன வயசுப் பழக்கம், உள்ளங்கையை விரிச்சுத் தயாரா வச்சிருக்கா.

"யோவ், சீக்கிரம் வாய்யா"ன்னேன். இவர் புறங்கையை வச்சார்.

யாரோ புடிச்சுத் தள்ளின மாதிரி பின்னாடி போய் விழுந்தார். பொண்ணு "அப்பா"ன்னு அலறிட்டு, என்னாண்ட வர்றதுக்குக் கதவுப் பிடிக்குக் கைய நீட்டினா. "தொடாதடி!"

என் குரல் எனக்கே தெரியல. அவ அப்படியே நின்னுட்டா. உள்ள இருந்த எனக்கு ஒண்ணும் ஆகல, கம்பி மேல உக்காந்த காக்கா மாதிரி. ஆனா ஒரு கை பொட்டி மேல, ஒரு கால் மண்ணு மேலன்னு இறங்கினா நானும் போயிடுவேன். "புடிச்சிக்கினு இறங்காத, குதிச்சுடு"ன்னு இவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! இந்த உடம்பை வச்சுக்கினு குதிச்சேன். சேத்துல முழங்கால் போட்டு விழுந்து, எழுந்து ஓடி, வெளிய மரக் கம்பத்துல இருந்த மெயின் ஸ்விட்சை அங்க கிடந்த தொடப்பக் கட்டையால தட்டி இறக்கினேன்.

இவர் கண்ணு சொருகிக் கிடந்தார். மூச்சு இருக்கா இல்லையான்னு தெரியல. கன்னத்துல அறைஞ்சேன், நெஞ்சுல குத்தினேன், வாயில வந்தபடி திட்டினேன். கடைசியில கண்ணு தெறந்துச்சு.

"பாப்பா கை வச்சுட்டாளா?"

"இல்லய்யா."

மறுபடியும் கண்ணை மூடிக்கினார். கண்ணோரத்துல தண்ணி வந்துச்சு.

அப்புறம்தான் பார்த்தேன். பொட்டியிலேர்ந்து நாலா வரைக்கும் சேத்துல நீளமா ஒரு கீறல். ராத்திரி மழையில செம்புக் கம்பியை எவனோ உருவிக்கினு போயிட்டான். நாசமாப் போறவன்! கூரை ஒழுகி ஸ்விட்ச் போர்டுல தண்ணி இறங்கியிருக்கு. இறங்கின கரண்டு போக வழியில்லாம பொட்டி பூரா நின்னிருக்கு. விளக்கு எரியுது, ஃபேன் சுத்துது, யாருக்கு இன்னா தெரியும்? ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கினு இவர்தான் சொன்னார். உள்ளங்கையை வச்சா கரண்டு கைய மடக்கிப் புடிச்சுக்குமாம், புறங்கைன்னா உதறிவிட்டுடுமாம். "அப்ப தினம் நீ தொட்டது, எங்களுக்கு முன்னாடி கரண்டு அடிக்குதான்னு பார்க்கவா?"ன்னு கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கினார்.

பிரசவம் வரைக்கும் பொண்ணைக் கட்கியில பழைய பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட விட்டோம். என் வீறாப்பு போன இடம் தெரியல. இவர் கூரைக்குத் தார் பூசி, புதுக் கம்பியைக் குழாய்க்குள்ள விட்டு, மேல சிமெண்ட் போட்டார். வலது கையில ரெண்டு விரல் மடங்காது, இடது கையாலதான் அத்தனையும்.

பேத்தி பொறந்தா. அவளைத் தூக்கிக்கினு வந்து இறங்கின அன்னிக்கும் மண்ணு ஈரம்தான். இவர் ஷூவைக் கழட்டக் குனிஞ்சார்.

"தள்ளுய்யா"ன்னேன்.

குழந்தையை அவர் கையில குடுத்தேன். செருப்பை விட்டுட்டு வெறுங்காலோட நின்னு, புறங்கையைத் தகட்டுல வச்சேன். சில்லுன்னு இருந்துச்சு, அவ்ளோதான்.

"ஏறுங்க"ன்னேன்.