வேட்டுக் குழாயை யார் செய்தது?

பிள்ளைகளா, வண்டிக்காரப் பெரியப்பா நமக்கு எந்த வழியில் சொந்தம் என்று போன வாரம் கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு மட்டுந்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய கப்பல் பட்டறையில் நான் இரும்புச் சாமான் கடைந்து பொருத்தும் பிட்டராகச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. உங்கள் அம்மா ஊரிலிருந்து கப்பலேறி வந்து இங்கே குடித்தனம் தொடங்கியிருந்தாள். மூத்தவளே, அப்போது நீ அவள் வயிற்றில் இருந்தாய். பட்டறை ஆட்களும் மாட்டுவண்டி ஓட்டுகிறவர்களும் சேர்ந்து கட்டிய மாரியம்மன் கோயில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்தது. அன்றைக்கு அது வெறும் தகரக் கொட்டகை.

திருவிழாவுக்குச் சீனர் கடைப் பட்டாசைத்தான் வாங்கி வெடிப்போம். அது பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வண்டிக்காரர் அவர். சொந்த ஊரில் கோயிலுக்கு வேட்டுப் போட்டு இரண்டு விரல் நுனியைப் பறிகொடுத்தவர்.

"ஆத்தா கெளம்புறா. கடலை வறுக்குற மாதிரி படபடன்னா போதுமா? நெஞ்சுல இடிக்க வேணாமா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ இரும்பு வேலை செய்யுறவன். ஒரு அதிர்வேட்டுக் குழாய் செஞ்சு குடு தம்பி."

உடைத்துப் போட்ட கப்பலின் பழைய குழாய்த் துண்டு ஒன்றை, எங்களை மேற்பார்க்கும் போர்மேனிடம் கேட்டு வாங்கினேன். மதியச் சாப்பாட்டு நேரங்களில் கடைந்தேன். ஒரு முழ உயரம், நிமிர்ந்து நிற்க அடியில் அகலமான இரும்பு. அந்தப் பட்டறையில் ஒவ்வொருவனும் தன் சாமானில் தன் அடையாளத்தை உளியால் அடித்துவைப்பது வழக்கம். என்னுடையது முக்கோணமாக மூன்று புள்ளி. அம்மாவின் அரிவாள்மணையில் பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்தக் குழாயில் நான் எதுவும் அடிக்கவில்லை. சாமி சொத்தில் நம் அடையாளம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கரகம் புறப்பட்ட அன்று பெரியப்பா முதல் வேட்டுப் போட்டார். லயத்துத் தகரமெல்லாம் அதிர்ந்தது. குலவைச் சத்தம் அடங்கவே வெகுநேரம் ஆனது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் காலையில் போலீஸ் வந்தது. அந்தச் சமயம் பினாங்கில் சில கும்பல்கள் ரகசியமாகக் குழாய்த் துப்பாக்கி செய்து ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம், செய்வது அதைவிடப் பெரிய குற்றம். ஜெயில் மட்டுமல்ல, தண்டனை முடிந்ததும் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் கோயில் வேட்டும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புதிதாக வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டருக்கோ, ஒரு பக்கம் அடைத்த இரும்புக் குழாய், திரி வைக்க ஓட்டை, உள்ளே மருந்து வாடை, இவ்வளவும் போதுமாக இருந்தது.

குழாயைக் கழுவிக்கொண்டிருந்தவர் பெரியப்பா. யார் செய்தது என்று கேட்டதற்கு, "நாந்தான்" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவர்களோடு நடந்துவிட்டார். நான் அப்போது பட்டறையில் இருந்தேன்.

சாயங்காலம் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், என்மேல் அக்கறையுள்ளவர். "வாயத் தொறக்காதே தம்பி. அவன் ஒண்டிக்கட்டை. ஜெயில்லயும் சோறு போடுவான்லா. உன்னைக் கப்பல்ல ஏத்திட்டா இந்தப் புள்ளைத்தாச்சி எங்க போவா?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலைவர் போன பிறகு, "இது பொறந்து வளந்து, வேட்டுச் சத்தம் கேட்டு, ‘யாரும்மா செஞ்சது?’ன்னு கேக்கும்ல? அப்ப நான் யாரைச் சொல்லட்டும்?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். நான் சட்டையை எடுத்து மாட்டினேன். ஒரு தூக்குச்சட்டியில் சோறு போட்டுக் கையில் கொடுத்தாள். "ரெண்டு பேருக்கும் இருக்கு" என்றாள்.

ஸ்டேஷனில் என்னைக் கண்டதும் கம்பிக்குப் பின்னாலிருந்து பெரியப்பா கத்தினார். "ஏண்டா வந்தே? இங்க ஒரு பாய்தான்டா இருக்கு."

நான் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, குழாயைச் செய்தவன் நான் என்றேன். அங்கே மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் கிராணி, அதாவது குமாஸ்தா, இருந்தார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "துப்பாக்கி கையில இருக்கும்போதே என்னோடது இல்லைங்கிற ஊருய்யா இது. நீங்க ரெண்டு பேரும் போட்டி போடுறீங்களே."

இன்ஸ்பெக்டர் முதலில் பெரியப்பாவைக் கேட்டார், அடிப்பக்கத்தை எப்படி அடைத்தாய் என்று. "சுத்தியால ரெண்டு போடு போட்டேன் தொரை" என்றார் அவர். திருகாணி போல மரை வெட்டி முறுக்கி ஏற்றிய இரும்பு அது. துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என்னைக் கேட்டார். நான் செய்த விதத்தைச் சொன்னேன். என்னையும் உள்ளே போட்டார்கள். இருவரும் சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். அவர் என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார். கடைசி உருண்டையை எனக்கு வைத்தார்.

கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். கோயில்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். உங்கள் அம்மாவும் வந்து நின்றாள். மாஜிஸ்திரேட்டு வயதானவர், குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குண்டை எங்கே போடுவாய்?" என்று பெரியப்பாவிடம் கேட்டார்.

"குண்டு கெடையாதுங்க. சத்தம் மட்டுந்தான்."

"வெறும் சத்தம் எதற்கு?"

"நடக்க முடியாம வீட்டுல படுத்திருக்கவங்களுக்கும் ஆத்தா கெளம்பிட்டான்னு தெரியணுமில்லைங்களா."

குண்டு போட்டால் சுடுமே என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். அப்படியானால் பார்த்துவிடலாம் என்று மாஜிஸ்திரேட்டு எழுந்துவிட்டார். கடற்கரைத் திடலில் குழாயை நிறுத்தினார்கள். பெரியப்பாவின் விலங்கை அவிழ்த்தார்கள். அவர் கோயிலில் செய்வது போலவே குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தொரையக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றார். இன்ஸ்பெக்டர் துரை நகரவில்லை.

வேட்டு வெடித்தது. மரத்துக் காக்கையெல்லாம் ஒரே கூட்டமாய்க் கிளம்பியது. காவலுக்கு நின்ற மலாய்ப் போலீஸ்காரர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டரின் தொப்பி கீழே கிடந்தது. நிமிர்ந்து ஆகாயத்தைப் பார்த்து நிற்கிற அந்தக் குழாயைத் தோளில் வைத்து யாரையும் குறிபார்க்க முடியாது என்பதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

மாஜிஸ்திரேட்டு காதைத் தேய்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். இது துப்பாக்கி இல்லை, செய்தது குற்றமாகாது. ஆனால் அனுமதி இல்லாமல் மருந்தை வைத்திருக்கக் கூடாது. குழாய் வருஷம் முழுதும் ஸ்டேஷனிலேயே இருக்கட்டும், திருவிழா அன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இனி எதைச் செய்வதானாலும் முதலில் வந்து கேட்டுவிட்டுச் செய் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அது சரியான பேச்சு என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். பினாங்கில் குழாய்த் துப்பாக்கியால் செத்தவர்களும் இருந்தார்கள். யாராவது கேட்கத்தான் வேண்டும்.

இப்போது தெரிகிறதா, நம் கோயில் வேட்டுக் குழாய் மட்டும் ஏன் போலீஸ்காரர் துணையோடு ஊர்வலமாக வருகிறது என்று? மற்றக் கோயில்காரர்கள் அதைப் பார்த்துப் பொறாமைப்படுவது உங்களுக்கும் தெரியும். என் பெருமை அதில் இல்லை. எனக்காக ஜெயிலுக்குப் போகத் துணிந்த ஒரு அண்ணனும், அவரை அங்கே விட்டுவிடாதே என்று என்னை அனுப்பிய உங்கள் அம்மாவும் எனக்கு வாய்த்தார்களே, அதில்தான் இருக்கிறது. அன்று முதல் அவர் உங்களுக்குப் பெரியப்பா. சொந்தத்துக்கு இதைவிட என்ன வழி வேண்டும்?

ஸ்டேஷனில் ஒப்படைக்கும் முன் துடைத்து எண்ணெய் போட்டுத் தர, குழாயை என்னிடம் கொடுத்திருந்தார்கள். மதியம் பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அதைக் கவிழ்த்து வைத்தேன். யார் செய்தது என்று இனி எவர் கேட்டாலும் இரும்பே பதில் சொல்லட்டும் என்று, அடியில் என் மூன்று புள்ளியை அடித்தேன். உளியைக் கீழே வைக்கப் போனவன், மறுபடி எடுத்து, ‘நாந்தான்’ என்று சொன்ன பெரியப்பாவுக்காகப் பக்கத்தில் நாலாவதாக ஒரு புள்ளி அடித்தேன்.