கீழே இரண்டு மணி, வாயில் மூன்று மணி

வறுத்த மிளகாய்த்தூள் மணம்...

பாரிஸ் லாச்சப்பலில் எங்கள் தமிழ்த் தொலைக்காட்சி நிலையம் ஒரு மளிகைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே தூள் அரைத்தால் மேலே செய்தி வாசிக்கிறவன் தும்முவான். நான் மட்டும் தும்மியதில்லை. மூக்கைக்கூடக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த ஒரே வாசிப்பாளன் ஐரோப்பாவிலேயே நான்தான் என்று நினைக்கிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. ஆனால் கமரா, வயர், செய்தி, தேநீர், மரண அறிவித்தல் எல்லாம் நான்தான். நிலையம் குணம் அண்ணையுடையது என்று சொல்வார்கள். காசு அவர் போட்டார், அது உண்மை. மற்றதெல்லாம் நான்.

எங்கள் சொந்த நிகழ்ச்சி நாளுக்கு இரண்டு மணித்தியாலம். மிச்ச நேரம் லண்டன் தமிழ்த் தொலைக்காட்சிக்காரரின் நிகழ்ச்சி ஓடும். பிறகு லண்டன்காரர் இரண்டாகப் பிரிந்தார்கள். இரு பகுதியும் எங்களைத் தங்கள் ஆட்கள் என்றது. ஒரு கிழமை முழுக்கத் திரையின் இரண்டு மூலையிலும் இரண்டு இலச்சினை. அதற்குப் பிறகு ரொறன்ரோ, பிறகு சென்னை, நடுவில் இன்னொரு லண்டன்... எந்த வருடம் யாரோடு இருந்தோம் என்று கேட்காதீர்கள். அப்போதே எங்களுக்குத் தெரியாது.

நான் சொல்ல வந்தது, லண்டனை விட்டு ரொறன்ரோவோடு சேர்ந்த அந்த நாளைப் பற்றி.

அதற்கு முந்தின நாள் புறநகர் ஆர்ஜொந்தெய்யிலிருந்து யசோதா என்ற பிள்ளை படியேறி வந்தது. கையில் தகப்பன் செல்வராசாவின் படம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதம்தான், செல்வராசா ஐயா காலமாகிவிட்டார்.

"அண்ணை, அப்பாவுக்கு இஞ்சை ஒருத்தரையும் தெரியாது. நாள் முழுக்க உங்கடை ரீவிக்கு முன்னாலைதான் இருந்தவர். உங்களைத்தான் தெரியும். நானும் என்ரை மனுசனும் மட்டும் நிண்டு அவரை அனுப்பேலாது அண்ணை. ஆராவது வர வேணும்."

"நான் வாசிச்சா பாரிஸே வரும் பிள்ளை. நீ போ," என்றேன்.

அடுத்த நாள் காலை வாசித்தேன். தகனம் பிற்பகல் மூன்று மணி. குரலில் அப்படி ஒரு துக்கம் வைத்தேன். வாசித்து முடியவில்லை, ரெலிபோன் அடித்தது. பொபினியிலிருந்து ஒருவர்.

"அண்ணை, நீங்கள் மூண்டு மணி எண்டுறியள், கீழை எழுத்திலை ரெண்டு மணி எண்டு ஓடுது. வாயைக் கேக்கிறதோ, கீழை வாசிக்கிறதோ?"

பார்த்தால் உண்மைதான். ரொறன்ரோவோடு சேர்ந்தாலும், எங்கள் படம் அன்றைக்கும் லண்டன் வழியாகத்தான் செயற்கைக்கோளுக்குப் போனது. அவர்கள் தங்கள் நேரத்துக்கு மாற்றி, இரண்டு மணி என்று கீழே ஓட விட்டிருக்கிறார்கள். லண்டன் நேரம் என்று ஒரு சொல் போடவில்லை.

"வாயைக் கேள் தம்பி. வாய் என்ரை. கீழை லண்டன்."

"ரெண்டும் ஒரே ரீவிதானே அண்ணை?"

ரெலிபோனை வைத்துவிட்டுக் குணம் அண்ணையைக் கூப்பிட்டேன்.

அவர் லண்டனுக்கு ரெலிபோன் எடுத்தார். "நேற்றோடை எங்களை விட்டுட்டுப் போட்டியள்தானே, இனிக் கனடாவைக் கேளுங்கோ," என்று வைத்துவிட்டார்கள். ரொறன்ரோவுக்கு எடுத்தோம். அங்கே விடியவில்லை, மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் திரும்பத் திரும்பத் திரையில் தோன்றி, "மூன்று மணி, பாரிஸ் நேரம்" என்றேன். ரெலிபோன் இன்னும் கூடியது. "அப்ப ரெண்டு மணி எந்த ஊர் நேரம்?"

யசோதாவின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு மணிக்கு வருகிறவர்கள் அந்த நேரத்து வேறு ஆளின் சவப்பெட்டியைக் கண்டு, பிழை என்று திரும்பிப் போனால்...

ஓடினேன். மூன்று மெட்ரோ மாறினேன். தகன மண்டபத்துக்குப் போனால், எங்கள் ஆட்கள் ஒரு முப்பது பேர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். முன்னால் பெட்டி. பெட்டிக்கு மேல் ஒரு வெள்ளைக்கார மூதாட்டியின் படம். முதல் வரிசையில் அவருடைய மகன், தனியே.

கூசேன்வில் ஊரிலிருந்து வந்த அக்கா ஒருவர் என் காதுக்குள் கேட்டார். "செல்வராசாவின்ரை மனுசி வெள்ளைக்காரியோ?"

"இது வேறை செத்தவீடு அக்கா. எங்கடை மூண்டு மணிக்கு. எழும்புங்கோ."

அக்கா எழும்பவில்லை. "அந்தப் பிள்ளை தனிச்சு நிக்குது. இப்ப எழும்பினா என்ன நினைக்கும்? இருப்பம்."

இருந்தோம். வரிசையாகப் போய்ப் பூ வைத்தோம். மகன் எல்லோர் கையையும் பிடித்தான். என்னிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டான். அம்மாவைத் தெரியுமா என்று கேட்டிருப்பான் போலிருக்கிறது. ஓம் என்று தலையாட்டி, "உய்" என்றேன். அழுதுவிட்டான்.

மூன்று மணிக்கு, என் வாயை நம்பிய கூட்டம் வந்தது. இரண்டு மணிக் கூட்டமும் போகவில்லை. யசோதா உள்ளே வந்து அப்படியே நின்றுவிட்டது.

"இவையெல்லாம் ஆர் அண்ணை?"

"அப்பாவின்ரை ஆக்கள் பிள்ளை."

பின்வரிசையில் அந்த வெள்ளைக்காரப் பிள்ளையும் நின்றது. கையில் ஒரு பூ.

நிலையம் மூடிப் பல வருடம். போன மாதம் குணம் அண்ணை காலமானார். அறிவித்தல் கைத்தொலைபேசியிலேயே வந்தது. முகவரியை அழுத்தினால் வழி காட்டும். லண்டனில் திறந்தால் லண்டன் நேரம், ரொறன்ரோவில் திறந்தால் ரொறன்ரோ நேரம். ஒருவருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. கும்பிட்ட கைப்படங்கள் எண்ணி முடியாது. பலர் வீட்டிலிருந்தே நேரலையில் பார்த்தார்கள்.

மண்டபத்தில் நாங்கள் ஒன்பது பேர். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்...

பிழையாகக்கூட ஒருவரும் வந்து சேரவில்லை.