ஜீன்ஸ் துணித் தொட்டில்

தையல் கடையில் காஜா எடுத்துப் பட்டன் கட்டுகிறவள், கடைக்காரி மெஷினம்மாவுக்கு இரண்டாயிரம் கடன்பட்டிருந்தாள். பிரசவச் செலவுக்கு வாங்கியது. கொடுத்த சேதி அன்றைக்கே சந்து முழுக்கத் தெரியும். மெஷினம்மா தானே சொல்லிவிட்டாள்.

மெஷினம்மா லேசுப்பட்ட ஆளில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டு, ஒற்றை மிதிமெஷினில் தொடங்கி, நாலு மெஷின் போட்டு நிமிர்ந்தவள். அந்தச் சந்தில் இன்னொருத்தியைக் காட்டுங்கள் பார்ப்போம். சுகாதார நிலையத்தில் தொண்டுக்கு ஆள் கேட்டபோதும் முதலில் எழுந்தது அவள்தான். சம்பளம் கிடையாது. மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய், கதவு நிலையில் கொக்கித் தராசை மாட்டி, துணித் தொட்டிலில் கைக்குழந்தைகளைப் போட்டு எடை பார்க்க வேண்டும்.

நிலையத்தில் கொடுத்த தொட்டில் மெல்லிசு.

"இதுல புள்ளையப் போட மனசு வருமா? நான் தைக்கிறேன் பாருங்க."

மிஞ்சிக் கிடந்த ஜீன்ஸ் துணியை இரட்டையாக மடித்து, கனத்த வளையம் வைத்துத் தைத்தாள். யானையே ஏறினாலும் தாங்கும். புதுத் தொட்டிலை வெறுமனே மாட்டி, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும் என்பது மட்டும் அந்தப் பெருமையில் மறந்துபோயிற்று.

அந்த மாதம் காஜாக்காரியின் மகளை நிறுத்துப் பார்த்தாள்.

"புள்ள இளைச்ச மாதிரி இருக்குக்கா. பாலும் சரியா குடிக்கல."

"எங்க இளைச்சா? போன மாசத்துக்கு ஏறித்தான் இருக்கு. முள்ளு என்ன, பொய்யா சொல்லும்?"

"இல்லக்கா..."

"ஒத்தப் புள்ளைக்கே இந்தப் பாடா? நான் மூணு பெத்து, மெஷின் மிதிச்சுக்கிட்டே வளத்தேன்."

காஜாக்காரி மகளைத் தொட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் தராசைச் சரிபார்க்க நர்ஸ் வந்தாள். வெறும் தொட்டிலை மாட்டினாள்.

"என்னம்மா, உள்ள ஆளே இல்ல, கால் கிலோவுக்கு மேல காட்டுது?"

மெஷினம்மா செருப்பைக்கூட மாட்டாமல் காஜாக்காரி வீட்டுக்கு ஓடினாள். குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிழைத்தது, ஆனால் வீடு திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. இதற்கிடையில் மெஷினம்மா மற்ற குழந்தைகளையும் மறுபடி நிறுத்து, வாசலுக்கு வாசல் "தப்பு என்னுதுதான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் குரல் அவ்வளவு இறங்கி யாரும் கேட்டதில்லை.

காஜாக்காரி வேறு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சில மாதம் கழித்து, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மெஷினம்மாவின் கடையில் வந்து நின்றாள்.

"கைய நீட்டுங்கக்கா."

"பணமா? அத மறந்துடுன்னு ஆஸ்பத்திரியிலேயே சொன்னேனே."

"எப்படிக்கா மறப்பேன்? புள்ள இளைச்சது பெத்தவ எனக்குத் தெரியாதா? கடன்காரியா இருந்துக்கிட்டு உங்கள எதுத்துப் பேச வாய் வரல."

'வேண்டாம்' என்று சொல்லும் தகுதியும் தனக்கு இல்லை என்று மெஷினம்மாவுக்குப் பட்டது. கையை நீட்டினாள். விரிந்த அந்த உள்ளங்கையில் காஜாக்காரி ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தாள்.